சிக்கனம் யார் செலவில்?

சிக்கனத்தைப் புகழாதவர் இல்லை. வீட்டுப் பெரியோர் புகழ்கின்றனர்; பள்ளிப் புத்தகம் புகழ்கிறது; சம்பளம் கொடுப்போர் புகழ்கின்றனர். சம்பள நாளன்று வாசலில் வந்து நிற்கும் கடன்காரர்கூட, "சற்றுச் சிக்கனமாக இருந்திருந்தால் இவ்வளவு ஆகியிராதே" என்று உபதேசம் செய்துவிட்டுத்தான் வட்டியை வாங்கிச் செல்கிறார். இவ்வளவு பேரும் ஒரே குணத்தைப் போற்றும்போது, அக்குணத்தினால் பயன் பெறுவோர் யாவர் என்று சற்றே விசாரிப்பது தவறாகாது. சிக்கனம் நல்லதா தீயதா என்று நாம் இங்குக் கேட்க வரவில்லை. ஒரு வீட்டில் ஒரு வெள்ளி மிச்சமாகிறதென்றால், அந்த வெள்ளி எவருடைய பங்கிலிருந்து மிச்சமாயிற்று என்பதையே கேட்க விரும்புகிறோம்.

ஆங்கிலம் படித்த நம்மவரிற் பலர் ஸாமுவேல் ஸ்மைல்ஸ் என்பாரை அறிவர். தன்முயற்சியைப் பற்றி 1859இல் ஒரு நூலும், சிக்கனத்தைப் பற்றியே 1875இல் ஒரு தனி நூலும் எழுதியவர். தொழிலாளி தன் கூலியில் ஒரு பகுதியை எடுத்து வைக்கக் கற்றுக்கொண்டால் பிறர் தயவை நாடாத சுதந்தர மனிதனாகலாம் என்பது அவருடைய கொள்கை. அதற்கு நேர் எதிராக, ஆஸ்கார் ஒயில்டு என்னும் ஆசிரியர் 1891இல் எழுதிய ஒரு கட்டுரையில், வயிறு நிறையாதவனிடம் சிக்கனம் பேசுவது அவனை இழிவுபடுத்துவதாகும் என்று வாதித்தார். ஒயில்டு தாம் கையில் வந்ததையெல்லாம் தாராளமாகச் செலவழித்து 1900இல் வறுமையில் இறந்தவரென்பதை எடுத்துக்காட்டி, அவர் சொல்லைத் தள்ளிவிடுவோர் உண்டு. ஒரு வாதத்தை வாதத்தினால் தள்ள வேண்டுமேயன்றிச் சொன்னவருடைய பணப்பையைப் பார்த்துத் தள்ளுவது நியாயமன்று. உண்மையில் இவ்விருவர் கூற்றிலும் மெய் இருக்கிறது. இரண்டும் எவ்வாறு ஒருங்கே மெய்யாகும் என்பதுதான் நமக்கு விளங்க வேண்டிய விஷயம்.

பழைய நூலோர் இதற்கு ஓர் அளவு சொன்னார்கள். கிரேக்கத்து அரிஸ்டாட்டில், ஊதாரித்தனத்துக்கும் உலோபத்துக்கும் இடைப்பட்டு நிற்பதே நற்குணம் என்று வகுத்தார். நம் வள்ளுவர் பொருளை ஈட்டுதற்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், ஈட்டியதைத் தானும் துய்க்காமல் பிறர்க்கும் கொடாமல் காத்துக் கிடப்பவனுக்காக 'நன்றியில் செல்வம்' என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். இவை அறிவுடையோர் இட்ட எல்லைகள்; அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இவ்வெல்லைகள் பெரும்பாலும் ஒரு மனிதனுடைய கையையும் அவனுடைய பையையுமே நோக்கி இடப்பட்டவை. நம்முடைய வீடுகளிலோ பை ஒன்று, வயிறு பல. சம்பாதிப்பவர் ஒருவர், செலவு செய்பவர் மற்றொருவர், குறைத்துக்கொள்பவர் மூன்றாமவர். ஆகவே, எவ்வளவு செலவாயிற்று என்னும் கணக்கோடு, குறைந்த பங்கு எவருடையது என்னும் கணக்கையும் சேர்த்துப் பார்த்தாலன்றிச் சிக்கனமும் உலோபமும் நமக்கு வேறுவேறாகத் தோன்றமாட்டா என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு நமது மலாயாவின் சரித்திரத்திலேயே பெரியதோர் உதாரணம் கிடைக்கிறது. யுத்தத்துக்கு முன்னர் இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்கென ஒரு நிர்ணயக் கூலி விதிக்கப்பட்டிருந்தது. மாதம் ஒன்றுக்கு ஒருவருக்கு இன்னின்ன பண்டம் இவ்வளவு வேண்டும் என்று பட்டியல் போட்டு, அப்பட்டியலின் விலையை ஆதாரமாகக் கொண்டே அக்கூலி கணக்கிடப்பட்டது. 1920களின் இறுதியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்தது. 1930இல் இரப்பர் விலை வீழ்ந்ததும் அது 40 காசு, 32 காசு என்று குறைக்கப்பட்டது. 1936இன் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பாக இங்கு வந்து விசாரித்த சீனிவாச சாஸ்திரியார், பழைய 50 காசும் 40 காசும் திருப்பித் தரப்பட வேண்டுமென்று 1937இல் வெளிவந்த அறிக்கையில் எழுத வேண்டியதாயிற்று.

இவ்வேற்பாட்டில் தொழிலாளியின் சிக்கனம் எங்கே சென்று சேரும் என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் துணியைக் குறைத்துக்கொள்கிறான், எண்ணெயைக் குறைத்துக்கொள்கிறான், குறைத்தும் உயிரோடிருக்கிறான். தேவையைக் கொண்டு கூலியை அளக்கும் இடத்தில், குறைத்து வாழ முடியுமென்று ஒருவன் காட்டிவிட்டால், அவனுக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்பதற்கு அவனே சாட்சியாகிவிடுகிறான். அவன் மிச்சம் பிடித்தது அவன் பெட்டிக்கு வருவதில்லை. தோட்டத்துக் கணக்கில் இலாபமாக ஏறுகிறது. ஒயில்டு கூறியது இவ்விடத்தில் முற்றும் மெய்யாகிறது. பிறன் இலாபத்துக்காகத் தன் வயிற்றைச் சுருக்குவதற்குச் சிக்கனம் என்று பெயரிட்டு அதைத் தர்மமாக உபதேசித்தால், அவ்வுபதேசம் நமக்கு ஏற்புடையதன்று.

அந்தக் கூலியில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. 50க்கு 40, 40க்கு 32. இரண்டிலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் சரியாக ஐந்தில் நான்கு பங்கு. ஆணின் கூலி ஐம்பதிலிருந்து நாற்பதாக இறங்கியபோதும் அந்த ஐந்தில் ஒரு பங்கு மட்டும் விடாமல் கழிக்கப்பட்டது. பெண்ணின் வயிறு ஆணின் வயிற்றில் ஐந்தில் நான்குதான் என்று எந்த வைத்தியரும் அளந்து சொன்னதில்லை.

இன்று இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் உண்டு. 2013இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியென்று தொடங்கிய அச்சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அது போதுமா போதாதா என்பது தனி வழக்கு. அவ்வழக்கைச் சங்கத்திலும் சபையிலும் வாதாட வேண்டுமேயன்றி, "நீங்கள் சிக்கனமாயிருந்தால் போதும்" என்னும் பதிலை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடக் கூடாது.

நிற்க. துரைமார் போட்ட பட்டியலை இவ்வளவு காரமாகக் கண்டிக்கும் நாம், நம் வீட்டு அடுப்பங்கரையில் நாமே போட்டிருக்கும் பட்டியலையும் ஒருமுறை பார்க்க வேண்டாமா? மீன் குழம்பு வைத்த நாளில் நடுத்துண்டு யாருக்கு, தலையும் வாலும் யாருக்கு, சட்டியில் ஒட்டிய குழம்பில் சோற்றைப் பிசைந்து தின்பவர் யார் என்பதைத் தோட்டத்து வீடு எதிலும் தனியே சொல்ல வேண்டியதில்லை. நான்கு முட்டை இருந்தால் ஆண்மக்களுக்கு முழு முட்டை, பெண்மக்களுக்குப் பாதி, தாய்க்கு முட்டை பிடிப்பதில்லை. அவருக்குப் பாலும் பிடிப்பதில்லை, ஆகையால் வரத்தேநீர். அவருக்குப் பசியும் அதிகம் இல்லை, ஆகையால் எல்லோரும் உண்டபின் இருப்பதைப் பார்த்துக்கொள்வார். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு, ஆண்களோடு சமமாக வெளிக்காட்டு வேலைக்கும் சென்று, திரும்பி வந்து மறுபடியும் அடுப்பை மூட்டுபவருக்கு எப்படியோ பசி மட்டும் இருப்பதில்லை!

இந்த வீட்டைப் பார்த்துத்தான் ஊரார், "அந்த அம்மாள் மிகுந்த சிக்கனக்காரி, அந்தச் சம்பளத்தில் எப்படியோ நடத்திவிடுகிறாள்" என்று பாராட்டுகின்றனர். அந்த 'எப்படியோ' என்னும் சொல்லுக்குள்தான் சூட்சுமம் இருக்கிறது. சம்பளக் கணக்கு எழுதுவதே நமது தொழில். வரவில் விழுந்த குறை எங்கேனும் ஒரு பற்றில் காட்டப்பட வேண்டும். காட்டப்படாவிடில் கணக்கில் களவு இருக்கிறதென்று பொருள். நம் வீடுகளில் அந்தக் குறை பெரும்பாலும் ஒரு பெண்ணின் உடம்பில் எழுதப்படுகிறது. பிரசவ காலத்தில் உடம்பில் இரத்தம் போதவில்லை என்று வைத்தியசாலையில் சொல்லும்போது அக்கணக்கு வெளியாகிறது. அப்பொழுதும் நாம் அதை விதியென்கிறோம்.

"அவர் வற்புறுத்தலின்றித் தாமே அன்பினால் விட்டுக்கொடுக்கிறார், தாயின் தியாகத்தைக் களவென்று சொல்லலாமா?" என்று அன்பர் சிலர் வினவக்கூடும். இவ்வினாவை இலேசாகத் தள்ளிவிட முடியாது. அன்பினால் கொடுப்பது உண்டு. அது உலகத்தின் சிறந்த காரியங்களுள் ஒன்று. ஆனால் கொடுப்பதற்கு உரிமை உள்ளவருக்கு மறுப்பதற்கும் உரிமை இருக்க வேண்டும். ஒருநாள் அந்த அம்மாள் முதலில் உட்கார்ந்து நடுத்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டால் அவ்வீட்டில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்ப்போமாக. கணவன் முகம் சுளிப்பானா? மாமியார் அயல்வீட்டில் சொல்லிக் குறைப்படுவாரா? அவர் நெஞ்சே அவரைக் குற்றவாளியாக்குமா? இவற்றில் ஒன்றேனும் நடக்குமாயின், அவர் இதுவரை விட்டுக்கொடுத்தவையெல்லாம் தியாகமென்று எழுதத்தக்கவை அல்ல. மறுக்க முடியாத இடத்தில் கொடுத்ததைத் தானமென்று கூறுவது, சம்பளத்தில் பிடித்த அபராதத்தை நன்கொடையென்று கூறுவதை ஒக்கும்.

பிள்ளைகள் படிப்பிலும் இதே முறை நடக்கிறது. ஆணுக்குத் தனிப்பாட வகுப்பு, பெண்ணுக்கு, "வீட்டிலேயே பார்த்துப் படித்துக்கொள்." அவளுடைய வகுப்புப் பணம் மிச்சம். அந்த மிச்சத்தைச் சேர்த்துத்தான் பின்னர் அவளுக்கு நகை வாங்குகிறோம் என்று பெருமையாகச் சொல்வோரையும் கண்டிருக்கிறோம். படித்திருந்தால் அவள் தானே வாங்கிக்கொண்டிருப்பாள்.

அங்ஙனமாயின் சிக்கனமே வேண்டாமோ? வேண்டும். எவர் வயிற்றிலும் கை வைக்காமல் மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்கள் நம் வாழ்வில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுச் சோற்றுப் பானையில் சிக்கனம் செய்வதுதான் நமது துக்கம். ஸ்மைல்ஸ் சொன்ன சுதந்தரம் இவ்விடங்களில்தான் மெய்யாகிறது.

தோட்டத்தையும் கம்பத்தையும் அறிந்தவர்க்கு மூன்று ஐந்துகள் அச்சிட்ட அட்டையோடு கூடிய அந்தச் சிறு நோட்டுப் புத்தகம் நினைவிருக்கும். மலாய்க்காரர் 'புக்கு தீகா லீமா' என்பர். சாமான் கடையில் நம் பற்று எழுதப்படும் புத்தகம் அது. ரொக்கம் கொடுப்பவர் விலை கேட்டு வாங்குகிறார். புத்தகத்தில் எழுதி வாங்குபவர் விலை கேட்பதில்லை. கேட்டால், பழைய பாக்கியை எப்பொழுது தீர்ப்பாய் என்னும் எதிர்க்கேள்வி வருமே என்ற கூச்சம். அடுத்த கடையில் அரிசி மலிவாக இருந்தாலும் அங்கே போக முடியாது. பாக்கி இருக்கும் கடையிலேதான் வாங்க வேண்டும். எனவே கடனாளி வட்டியென்ற பெயரில் ஒன்றும் கொடாவிடினும், ஒவ்வொரு பொட்டலத்திலும் சிறிது சிறிதாக வட்டி கொடுத்துக்கொண்டே இருக்கிறான். கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் போட்ட முதல் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கிறது. ஒரு மாதத்துச் சாமானுக்கு வேண்டிய பணத்தை எப்பாடுபட்டேனும் ஒருமுறை கையில் சேர்த்துவிட்டால், அதன்பின் அந்தக் குடும்பம் விலை கேட்டு வாங்கும் உரிமையைப் பெறுகிறது. அந்த ஒரு மாதத்து முன்பணந்தான் ஏழைக் குடும்பத்தின் முதல் மூலதனம் என்போம்.

சிறு பொட்டலத்தின் கதையும் இதுவே. சவர்க்காரத்தூளும் காப்பித்தூளும் எண்ணெயும் சின்னஞ்சிறு பையில் வாங்கினால் கை லேசாக இருக்கிறது. நிறுத்துக் கணக்கிட்டால் பெரிய பையைவிடப் பெரும்பாலும் அதிக விலை. வறியவர்க்கு உலகம் எல்லாவற்றையும் சில்லறையாக விற்கிறது. சில்லறை விலைக்கே விற்கிறது. அயல் வீட்டார் இருவர் மூவர் சேர்ந்து ஒரு பெரிய மூட்டையாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் இத்தொல்லை பாதி தீரும். இதற்குத் தத்துவம் ஒன்றும் வேண்டாம். அண்டை வீட்டாரோடு சண்டையில்லாமல் இருந்தால் போதும்.

தவணை முறைக்கு வருவோம். ஓர் இளைஞர் 8,000 வெள்ளி கடனில் மோட்டார் சைக்கிள் வாங்குகிறாரென வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பத்து, ஐந்து வருஷத் தவணை. முதல் குறையக் குறைய வட்டியைக் குறைக்காமல், தொடக்கத்து முதலுக்கே கடைசி மாதம் வரை வட்டி போடும் முறையில், வட்டி மட்டும் 4,000 வெள்ளி; மொத்தம் 12,000; மாதம் 200 வெள்ளி வீதம் 60 மாதம். கடைசி வருஷத்தில் அவர் உண்மையில் வைத்திருக்கும் கடன் மிகவும் சொற்பம். ஆனால் வட்டியோ 8,000க்குக் கட்டுகிறார். சரியாகக் கணக்கிட்டால் அந்தப் பத்து, நூற்றுக்குப் பதினேழைத் தாண்டுகிறது. "மாதம் இருநூறுதானே" என்னும் ஒரு வாக்கியத்தில் இவ்வளவும் மறைந்துபோகிறது. வேலைக்குச் செல்ல வண்டி வேண்டுமென்றால் வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஆறு மாதம் பழைய சைக்கிளில் சென்று, முன்பணத்தை அதிகமாகக் கட்டி, தவணையை மூன்று வருஷமாகச் சுருக்கினால் மிச்சமாகும் வட்டி, ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் முட்டையைப் பாதியாக அறுத்துச் சேர்ப்பதைவிடப் பெரிய தொகையாக இருக்கும்.

தேநீர்க் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் ஒரு தேநீரும் ரொட்டியுமாக நாளொன்றுக்கு ஐந்து வெள்ளியென்றால், இருபத்தாறு வேலை நாளுக்கு 130 வெள்ளி, வருஷத்துக்கு 1,560 வெள்ளி. மேலே சொன்ன 1,700 வெள்ளிச் சம்பளத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் முழுவதும் தேநீர்க் கடைக்கே உழைத்ததாகிறது. எனினும் தேநீர்க் கடையை அறவே விலக்கச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. உழைப்பவன் நண்பரோடு உட்காரும் இடம் அது ஒன்றே. கேட்க வேண்டியது வேறு: நாளைக்கு ஐந்து வெள்ளி தமக்கென்று எழுதிக்கொள்ளும் கணவன், மனைவிக்கும் அவ்வாறே எழுதியிருக்கிறானா? எழுதவில்லையெனில், வீட்டில் சிக்கனம் ஒருவருக்கு மட்டும் விதிக்கப்பட்ட சட்டம். சாராயத்தைப் பற்றி இங்கே விரித்தெழுதப் போவதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர், சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்றும் கேட்டார்கள் என்பதை நினைவூட்டினால் போதும். அவர்களுக்குத் தங்கள் பணம் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறதென்று தெரிந்திருந்தது.

கல்யாணச் செலவோ சீர்திருத்தக்காரர் எல்லோரும் பேசித் தீர்த்த விஷயம். ஆனால் செலவுதான் தீர்ந்தபாடில்லை. மண்டப வாடகை, மேடை அலங்காரம், படம் பிடிப்போர், ஆயிரம் பேருக்கு விருந்து. இவற்றுள் பாதி கடன். மொய்ப்பணம் வந்து அடைத்துவிடும் என்பது கணக்கு. மொய்யும் கடனே என்பதை, திருப்பிச் செய்யும் முறை வரும்போது உணர்கிறோம். நம்முடைய அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. தகப்பனார் தம் கௌரவத்துக்காகச் செய்யும் செலவை அடைப்பவர் பெரும்பாலும் அந்த மணமக்களே. அவர்களுடைய முதல் ஐந்து வருஷச் சம்பளத்தைக் கொண்டு அன்றொரு நாள் ஊருக்கு விருந்து வைக்கிறோம். தாராளமென்று நாம் கருதும் இச்செயலும் பிறர் செலவில் நடப்பதே. இவ்விதத்தில் டாம்பீகனுக்கும் கருமிக்கும் வேறுபாடில்லை.

இவ்விடத்தில் வயது முதிர்ந்தோர் சிலர், சேமிப்பையே நம்பாதவராய்ப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் அவநம்பிக்கைக்குக் காரணம் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, வாழைமரப் படம் போட்ட நோட்டுகள் வழங்கின. வயிற்றைக் கட்டி அந்நோட்டுகளைச் சேர்த்து வைத்தவர்கள் இருந்தனர். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் அவை செல்லாக் காசாயின. சேர்த்தவனும் சேர்க்காதவனும் ஒரே நிலையில் நின்றனர்; சேர்த்தவன் மட்டும் கூடுதலாகப் பசித்திருந்தான். அந்நாளில் குடும்பங்களைக் காத்தது நோட்டுக் கட்டன்று. வீட்டுப் பின்புறத்து மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கீரையுமே. இதனால் பணம் சேர்ப்பது வீணென்று நாம் சொல்லவரவில்லை. நாளைய நாளுக்காக இன்றைய சோற்றை முழுவதும் பலியிடுவோர், அந்த நாளை எவர் வசத்தில் இருக்கிறதென்று அறியார் என்பதற்கு இது சாட்சி. பின்புறத்து மரவள்ளிக்கு நிலம் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. தோட்டம் துண்டாடப்பட்டும் கைமாறியும் லயத்தைவிட்டுப் பட்டணத்து அடுக்கு மாடிகளுக்குக் குடிபெயர்ந்த நம்மவர்க்கு, முருங்கைக் கீரையும் கறிவேப்பிலையும் இப்பொழுது காசு கொடுத்து வாங்கும் பொருள்களாகிவிட்டன. அவர்களை நோக்கி, "உன் பாட்டி சிக்கனமாக வாழவில்லையா?" என்று கேட்பவர், பாட்டிக்கு இருந்த பத்தடி நிலத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மறுபுறத்தையும் நோக்க வேண்டும். 1951இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதி, மாதந்தோறும் சம்பளத்திலேயே பிடித்து முதுமைக்கு வைப்பது. தொற்று நோய்க் காலத்தில், 2020 முதல் 2022 வரை, அதிலிருந்து முன்கூட்டியே பணம் எடுக்க அனுமதி அளிக்கப்பட்டது. மக்கள் எடுத்த தொகை ஏறக்குறைய 14,500 கோடி வெள்ளி. வேலையிழந்து உலை வைக்க அரிசியின்றி எடுத்தவரைக் குறை சொல்ல எவர்க்கும் வாயில்லை. ஆனால் அரிசிக்கென்று எடுத்துப் புதிய கைத்தொலைபேசி வாங்கியவரும் இருந்தனர். அவர்கள் எவர் பணத்தைச் செலவழித்தார்கள்? தம்முடையதைத்தானே என்பர். அறுபது வயதில் உழைக்க மாட்டாமல் திண்ணையில் உட்காரப்போகும் ஒரு கிழவரின் பணம் அது. அவர் இன்று வந்து தடுக்க முடியாது; மறுப்பதற்கு அவருக்கு நாவில்லை. அடுப்பங்கரையில் மறுக்க முடியாத அம்மாளுக்குச் சொன்ன நியாயம் இந்தக் கிழவருக்கும் பொருந்துமென்றே கருதுகிறோம். அவர் நாமேயாயினும் சரி.

தனியாகச் செய்யும் சிக்கனத்தைவிடக் கூடிச் செய்யும் சிக்கனம் நம்மவர்க்குப் பழக்கமானது. பத்துப் பேர் மாதந்தோறும் ஒரு தொகை போட்டு, முறைவைத்து ஒருவர் எடுக்கும் கூட்டு, தோட்டந்தோறும் நடந்து வந்தது. இந்நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே அந்தத் தமிழ்ச் சொல் இடம்பெற்றிருக்கிறது: கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வோரைத் தடுப்பதற்கு 1971இல் ஒரு சட்டம் செய்தபோது, 'கூட்டு' என்னும் பெயரையே அதற்கு வைத்தனர். பிடித்த பணத்தோடு ஓடிப்போனவர்களால் நம் மொழிக்குக் கிடைத்த கௌரவம் அது! 1922இல் இங்குக் கூட்டுறவு இயக்கம் தொடங்கியபின் தோட்டங்களிலும் ஐக்கிய நாணயச் சங்கங்கள் தோன்றின. அவற்றில் கணக்கு இருந்தது, தணிக்கை இருந்தது. கடன் வேண்டியவன் வட்டிக்காரர் வாசலில் நிற்காமல் தன் சங்கத்தில் கேட்டு வாங்கினான்.

இவற்றுள் எல்லாம் பெரியது 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தோர் வேலையும் வீடும் இழந்து வெளியேறிய காலம். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்குகளை எடுத்தார்கள். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. பின்னர் வேறு தோட்டங்களும் வந்து சேர்ந்தன. 1930இல் தொழிலாளி குறைத்துக்கொண்ட பத்துக் காசு பிறர் இலாபமாயிற்று. 1960இல் அவன் குறைத்துக்கொண்ட பத்து வெள்ளி அவன் காலடி மண்ணாயிற்று. ஸ்மைல்ஸுக்கும் ஒயில்டுக்கும் உள்ள வழக்கு இவ்விரண்டு வருஷங்களுக்கிடையில் தீர்ந்துபோகிறது. கூடிச் சேர்த்த பணமெல்லாம் இவ்வாறே பலனளித்தன என்று சொல்வதற்கில்லை. பிற்காலத்தில் ஆசை காட்டித் திரட்டப்பட்ட சில பங்குகளில் ஏழைகளின் பணம் நெடுங்காலம் முடங்கிக் கிடந்ததை இந்நாட்டுத் தமிழர் அறிவர். கணக்கைக் கேட்கும் பழக்கம் உறுப்பினர்க்கு இல்லாவிடில் எச்சங்கமும் அப்படி ஆகக்கூடும்.

அந்தப் பத்து வெள்ளியைக் குறித்தும் நாம் எடுத்துக்கொண்ட கேள்வியைக் கேட்காமல் விடுவது முறையன்று. அன்றைய சம்பளத்தில் மாதம் பத்து வெள்ளி சிறு தொகையன்று. அது எவர் தட்டிலிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் பங்குப் பத்திரம் எவர் பெயரில் எழுதப்பட்டது? பழைய இரும்புப் பெட்டிகளில் அப்பத்திரங்களை இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வாசகர்கள் அவற்றை எடுத்துப் பெயரைப் பார்ப்பார்களாக. அடுத்த மாதம் எந்தச் சங்கத்திலோ வங்கியிலோ புதுக் கணக்குத் தொடங்கப் போகிறவர்கள், பாரத்தில் முதற்பெயர் எழுதுவதற்கு முன் அடுப்பங்கரையில் இருப்பவரையும் அழைத்து உட்கார வைத்துக்கொள்வார்களாக.